துரைக்குப் பூசிய மஞ்சள்

என் அப்பா இரண்டு தடவை டொக்டரிடம் பொய் சொன்னார். இரண்டு தடவையும் அந்தப் பொய்யை ஜெர்மன் மொழியில் சொல்லவேண்டியிருந்தது என்னுடைய வாய். முதல் தடவை ஓர் ஓணானுக்காக, இரண்டாவது தடவை தனக்காக. இரண்டுக்கும் அவர் கொடுத்த சொல் ஒன்றுதான்: வயிறு. நானும் ஒரு பொய் சொன்னேன். அதை ஒருவரும் என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது பதினான்கு வயது. கெல்சென்கிர்ச்சனில் ட்ராம் போகும் தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு ஓர் இரும்புச் சாமான் கிடங்கில் விடியற்காலை வேலை. அம்மா முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் பகல் முழுக்க நிற்பார். நான் ஒற்றைப் பிள்ளை. ஆகவே வீட்டின் வாய் நான்தான். வெளிநாட்டவர் அலுவலகம், காப்புறுதி, வீட்டுக்காரர், என்னுடைய சொந்த வகுப்பாசிரியர், எல்லோரிடமும் ஒன்பது வயதிலிருந்து நான்தான் கதைத்தேன். நேரம் குறித்துப் போகும் ஒரு சந்திப்பு, ஜெர்மனில் டெர்மின், வந்தால் அப்பா என் பள்ளிக்கூட நேரத்தைப் பார்க்கமாட்டார். "பிள்ளை கதைக்கும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை அயர்ன் பண்ணத் தொடங்குவார்.

இந்த வேலையில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கத்துக்கும் நல்லவளாக இருக்கப் பார்ப்பது. அலுவலகத்துப் பெண் எரிந்து விழுந்தால் அப்பாவிடம், "கொஞ்சம் பொறுக்கட்டாம்" என்பேன். அப்பா பதிலுக்கு எரிந்து விழுந்தால் அந்தப் பெண்ணிடம், "அப்பா நன்றி சொல்கிறார்" என்பேன். இரண்டு பேரும் சிரித்தபடி பிரிவார்கள். இதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். பதினான்கு வயதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

ஓணான் வந்தது ஒரு கண்ணாடிப் பெட்டியால். எங்கள் தெருவில் வேண்டாத பெரிய சாமான்களை வாசலில் கொண்டுவந்து வைக்க ஒரு நாள் உண்டு. அதற்கு முதல் நாள் மாலை அப்பா உலாவப் போவார். எங்கள் வீட்டில் பாதித் தளபாடம் அப்படி வந்ததுதான். ஒருமுறை நீளமான கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே விளக்கெல்லாம் பூட்டியிருந்தது. சாமிப் படங்களை இதற்குள் வைத்தால் தூசி பிடிக்காது என்பது அவருடைய எண்ணம். அம்மா மூக்கை வைத்து ஒருதரம் மணந்து பார்த்தார். "உதுக்குள்ள என்ன கிடந்து செத்துதோ, அதுக்குள்ளயோ முருகனைக் கொண்டுபோய் வைக்கப் போறியள்?" என்றார். பெட்டி பல்கனிக்குப் போனது.

அது என்ன பெட்டி என்று எனக்குத் தெரியும். என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தமையன் ஒரு தாடி ஓணான் வளர்த்தான். ஜெர்மன்காரர் அதை பார்ட்டகாமெ என்பார்கள். ஒரு முழங்கையளவு நீளம், தொண்டையைச் சுற்றி முள்ளுமுள்ளாகத் தாடி. அவன் படிக்க வேறு ஊருக்குப் போனதால் அதைச் சும்மா கொடுக்கத் தயாராக இருந்தான். நான் இரண்டு கிழமை அழுது, சாப்பிடாமல் இருந்து, பிறகு பசி தாங்காமல் சாப்பிட்டு, ஒருவழியாக அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

"நாங்கள் ஈர்க்கிலிலை சுருக்குப் போட்டுப் பிடிச்சு எறிஞ்ச சாமான். இஞ்சை அதுக்கு லைட்டும் ஹீட்டரும். ஆணோ பெண்ணோ?"

"ஆணாம்."

"அப்ப துரையைக் கூட்டிக்கொண்டு வா. வேலைக்காரன் நான் இருக்கிறன்தானே."

அன்றிலிருந்து அது துரை. ஒரு மாதம் போகவில்லை, துரை என்னுடையவர் இல்லை, அப்பாவுடையவர் என்று ஆகிவிட்டது. வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து குளித்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு பிளேன்டீயோடு கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். கால்வாய்க் கரையில் இலை பிடுங்கிவந்து பொடியாக அரிந்து வைப்பார். எங்களிடம் சொல்லாத கதையெல்லாம் துரையிடம் சொல்வார். "துரை, இண்டைக்குக் கிடங்கிலை அந்தப் பெரியவன் என்ன சொன்னவன் தெரியுமோ?" என்று தொடங்குவார். துரை ஒரு கண்ணை மூடுவார். பக்கத்து அறையில் நான் வீட்டுப்பாடம் செய்துகொண்டு, அப்பாவுக்கு முதுகு நோகிறது, பெரியவன் அவரைக் கழுதை என்று பேசினான் என்பதையெல்லாம் அப்படித்தான் அறிந்துகொண்டேன். எங்களிடம் வந்து கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் வீட்டில் இரண்டு சின்ன விஷயங்கள் மாறின. மஞ்சள்தூள் டின் அடிக்கடி காலியானது. "குழம்புக்கு ஒரு சிட்டிகைதானே போடுறன், ஆர் உதைத் தின்னுறது?" என்று அம்மா கேட்டார். முழங்கால் நோவுக்குக் குழைத்துப் பூசுவதாக அப்பா சொன்னார். மற்றது, அப்பா தன் சாரங்களைத் தானே தோய்க்கத் தொடங்கினார். இருபது வருடத்தில் ஒரு கைலேஞ்சி தோய்க்காத மனிதர். "அப்பாவுக்கு இப்பதான் ஜெர்மன்காரப் புத்தி வருது" என்று நான் பகிடி பண்ணினேன். அம்மாவும் சிரித்தார். அப்பா சிரித்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை.

பங்குனி மாதம் துரை ஒரு நிலையில் இருக்கவில்லை. தாடி கறுத்துப்போய், தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, கண்ணாடியை விறாண்டிக்கொண்டு நின்றார். மரக்கொம்பில் வாலடியைத் தேய்த்தார். ஆண் ஓணான்களுக்கு வசந்தத்தில் அப்படித்தான் என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன். ஒரு சனிக்கிழமை நான் எழும்பி வந்தபோது பெட்டிக்கு மேலே கட்டில் விரிப்பு ஒன்று போர்த்திக் கிடந்தது.

"துரைக்குச் சுகமில்லை. நீ திறக்காதை."

"என்ன வருத்தம்?"

"வயித்தாலை போகுது. பொம்பிளைப் பிள்ளை உதெல்லாம் பாக்கத் தேவையில்லை."

வயிற்றால் போவதைப் பெண்பிள்ளை பார்த்தால் என்ன? அந்த இடத்திலேயே எனக்கு மண்டையில் அடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்கிற எதற்கும் பெயர் கிடையாது. அம்மாவுடன் என்றாலும் "அந்த இடம்" என்று ஒரு சொல் இருந்தது. அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அதுகூட இல்லை. அப்பா வேலைக்குப் போன நேரம் விரிப்பைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். துரை கொம்புக்கு அடியில் பதுங்கிக் கிடந்தார். கீழே விரித்திருந்த கடதாசியில் மஞ்சள் கறை மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை மிருக வைத்தியரிடம் டெர்மின் கேட்டு நான்தான் தொலைபேசி எடுத்தேன். என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். "வயிறு எண்டு சொல்லு, காணும்" என்றார். வயிறு என்றேன். வயிறு அவசரமில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

அப்பா தன் கம்பளிச் சால்வையில் துரையைச் சுற்றி, ஜக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ட்ராமில் வந்தார். வைத்தியர் ஒரு பெண், அம்மாவின் வயதிருக்கும். அப்பா அதை எதிர்பார்க்கவில்லை. வாசலிலேயே ஒரு அடி பின்னுக்கு வைத்தார். எப்போதிருந்து என்று வைத்தியர் கேட்டபோது அப்பா, "திங்கட்கிழமையிலை இருந்து" என்றார். ஆறு நாள் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை என்றே மொழிபெயர்த்தேன்.

சால்வையை விரித்ததும் வைத்தியர் குனிந்து பார்த்தார். துரையின் வாலடியில் மஞ்சள் களிம்பு கட்டிபட்டு, ஒரு விரல் நுனியளவு ஏதோ தொங்கியது.

"இது என்ன மஞ்சள்?"

"குர்குமா," என்றேன். கறிக்குப் போடும் மஞ்சளுக்கு ஜெர்மன் பெயர் அதுதான்.

"குர்குமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு உதவிக்கு நின்ற பெண்ணிடம், "குர்குமா" என்றார். எங்கள் வீட்டில் காயம் என்றால் மஞ்சள், வீக்கம் என்றால் மஞ்சள். அதைப் பூசாமல் விட்டால்தான் பிழை. இதை நான் விளக்கத் தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபப்படவில்லை. நிறத்தைப் பார்க்கவேண்டும், இளஞ்சிவப்பாக இருந்தால் தசை உயிரோடு இருக்கிறது, கறுப்பென்றால் செத்துவிட்டது, மஞ்சளுக்கு மேலால் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்தார். மேசையில் மஞ்சள் பஞ்சு குவிந்தது. கடைசியில் அடியில் இருந்தது தெரிந்தது. செத்தல் மிளகாய்போலக் காய்ந்து கறுத்திருந்தது.

ஒரு தாளில் படம் கீறி எனக்கு விளங்கப்படுத்தினார். ஆண் ஓணானுக்குக் குறி இரண்டு. இரண்டும் வாலடியில், பைக்குள் மடிந்து இருக்கும். சில வேளை பைக்குள் சுரப்புக் காய்ந்து கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஓணான் அதை முக்கி வெளித்தள்ளும்போது குறியும் வெளியே வந்து, வீங்கி, திரும்பிப் போகமுடியாமல் நின்றுவிடும். கெட்டியான சீனித் தண்ணீரில் வைத்தால் வீக்கம் வற்றும், விரலால் மெதுவாக உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் அது காயக்கூடாது. இது காய்ந்துவிட்டது. மஞ்சள்தூள் இன்னும் காயவைத்துவிட்டது. இனி வெட்டித்தான் எடுக்கவேண்டும். சிறுநீர் அந்த வழியால் போவதில்லை, மற்றது மிஞ்சியிருக்கிறது, துரை பிழைப்பார்.

பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் நாளே வந்திருந்தால் எதையும் வெட்டத் தேவையில்லை. காத்திருந்ததுதான் கெடுத்தது. இதை அப்பாவிடம் அப்படியே சொல்லு."

அப்படியே என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த நாய்ப் பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பலாகிவிட்டது. நெற்றி வியர்த்து, ஒரு கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. துரைக்காக இந்த மனிதர் இப்படி உருகுகிறாரே என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. தன் கையாலேயே கெடுத்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? அதுவும் இந்த விஷயத்தில், நான்?

"ஒரு சின்னத் துண்டு பழுதாப் போச்சாம், அப்பா. வெட்டி எடுத்தாச் சரியாம். பயப்பிட ஒண்டுமில்லையாம்."

"வெட்டினாப் பிறகு உயிரோடை இருப்பாரோ?"

"ஓம், இருப்பார்."

"அவ்வளவுதானோ சொன்னவா?"

"அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது ட்ராமில் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டில் அலுமாரியைத் திறந்தேன். சீனி டின்னும் மஞ்சள் டின்னும் ஒட்டிக்கொண்டு நின்றன. எதைப் பூசவேண்டும் என்பதைக்கூட நான் அப்பாவிடம் சொல்லவில்லை. கதவைச் சாத்தினேன்.

துரை தேறினார். கோடை வந்தது. மஞ்சள்தூள் டின் அப்போதும் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. அம்மா கேட்பதை விட்டுவிட்டார். அப்பா மெலிந்தார். கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து இருக்கத் தொடங்கினார். ஐப்பசியில் வயிற்றுக்குள்ளும் பின் இடுப்பு நாரியிலும் நோ என்று சொல்லி, வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்தார். குடும்ப டொக்டரிடம் டெர்மின் எடுத்தேன்.

அதற்கு முதல் நாள், கட்டடத்தின் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சலவை அறைக்கு உடுப்பு எடுக்கப் போனேன். கொடியில் அப்பாவின் மண்ணிறக் கட்டம் போட்ட சாரம் காய்ந்தது. அதை மடிக்கும்போது உள்பக்கம் திரும்பியது. இடுப்புக்குக் கீழே, முன்பக்கம், கையளவு மஞ்சள் கறை. தோய்த்துத் தோய்த்தும் போகாத பழைய மஞ்சள், அதற்கு மேல் புது மஞ்சள். முழங்கால் அந்த இடத்தில் இல்லை. யாரோ ஒருவருடைய மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. சாரத்தை மடித்து, மற்ற உடுப்புகளுக்கு அடியில் வைத்து, மேலே கொண்டுபோனேன். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் டொக்டரின் அறையில் அப்பா சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு இருந்தார். டொக்டர் வயதானவர், அவசரக்காரர். என்ன செய்கிறது என்று கேட்டார்.

"வயிறு எண்டு சொல்லு," என்றார் அப்பா.

நான் ஜெர்மனில் சொன்னேன். "வயிறு என்று சொல்லச் சொல்கிறார். வயிறு மட்டுமில்லை என்று நினைக்கிறேன். அதற்கும் கீழே. அங்கே அவர் பல மாதமாகக் குர்குமா பூசுகிறார். நான் வெளியே போகிறேன். தயவுசெய்து பாருங்கள்."

அப்பாவுக்கு ஜெர்மன் அவ்வளவு விளங்காது. ஆனால் குர்குமா என்ற சொல்லை அவர் ஏற்கெனவே ஒரு வைத்தியரின் அறையில் கேட்டிருந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை. எழும்பி வெளியே போய், காத்திருக்கும் அறையில் சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்பா அதே கதிரையில் இருந்தார். பெல்ட் சரியாக மாட்டப்படவில்லை. டொக்டர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இன்றைக்கே போகவேண்டும் என்றார். விதையில் கட்டி. வயிற்றுக்குள்ளும் பரவியிருக்கலாம், அதனால்தான் நோ. எப்போதிருந்து வீக்கம் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"தைப்பொங்கலுக்கு முதலே," என்றார் அப்பா, சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

தைப்பொங்கல். துரைக்கு வந்தது பங்குனியில். நான் அந்த இடத்திலேயே விரல் மடித்து எண்ணினேன், எண்ணத் தேவையில்லாத கணக்கை. துரைக்கு மஞ்சள் பூசியபோது அப்பா தனக்கும் பூசிக்கொண்டிருந்தார். மிருக வைத்தியரின் மேசையைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றவர் ஓணானுக்காக மட்டும் நிற்கவில்லை. "வெட்டினாப் பிறகு உயிரோடை இருப்பாரோ" என்று அவர் கேட்டது யாருக்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் நாளே வந்திருந்தால் வெட்டத் தேவையில்லை, காத்திருந்ததுதான் கெடுத்தது, வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்த அறையில் அப்பா கேட்கவேண்டியிருந்த மூன்று வசனங்கள் அவைதான். நான் அவற்றை விழுங்கிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று என்னுடைய கையால் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை நம்பி இன்னும் ஏழு மாதம் மஞ்சள் பூசினார்.

ஒன்றை வெட்டி எடுத்தார்கள். பிறகு வயிற்றில் ஒரு பெரிய ஒப்பரேஷன், பிறகு மருந்து ஏற்றல். ஒவ்வொரு டெர்மினுக்கும் நான் போனேன். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். விதை, கட்டி, பரவுதல், எல்லாவற்றையும் அந்தந்தப் பெயரால் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக் கேட்டார். ஒருவருக்கும் வாய் கூசவில்லை. அவ்வளவு நாளும் இல்லாத சொற்கள் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன, ஆனால் பிந்தி வந்தன. மிஞ்சிய ஒன்றோடு துரை இன்னும் ஐந்து வருடம் இருந்தார். அப்பாவுக்கு இரண்டு வருடம்தான் கிடைத்தது.

அந்த இரண்டு வருடத்துக்குள் ஒரு பிற்பகல். அப்பா தலைமயிர் கொட்டி, கம்பளித் தொப்பியோடு, கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தார். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்து துரைக்கு இலை அரிந்துகொண்டிருந்தேன்.

"அண்டைக்கு அந்த மிருக டொக்டர் உன்னைப் பாத்து நெடுகக் கதைச்சவா," என்றார். "நீ ரெண்டு வசனத்திலை முடிச்சிட்டாய். என்ன சொன்னவா?"

பொய் சொல்லலாம். எனக்கு அந்தத் தொழில் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் முகத்தை நேரே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"முதல் நாளே கொண்டுவந்திருந்தா ஒண்டையும் வெட்டத் தேவையில்லை எண்டு சொன்னவா, அப்பா. காத்திருந்ததுதான் கெடுத்ததாம். வெக்கப்பட ஒண்டுமில்லை எண்டும் சொன்னவா. உங்களிட்டை அப்பிடியே சொல்லச் சொன்னவா."

அப்பா துரையைப் பார்த்தார். துரை விளக்குக்கு அடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"அதை எனக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாம், பிள்ளை," என்றார்.

பிறகு கையை நீட்டி என்னிடமிருந்து இலைத் தட்டை வாங்கிக்கொண்டார்.